பழைய வீடியோ கேசட்டின் முதல் ஒரு சாண்: தொடக்க லோகோக்களைக் காப்பாற்றப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விஎச்எஸ் கேசட்டின் நாடா, நம் நாட்டில் வழங்கிய பிஏஎல் என்ற வண்ணத் தொலைக்காட்சி முறையில், நொடிக்கு 23.39 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. படம் தொடங்குமுன் பத்து நொடி சுழன்று, மின்னி, இசையோடு வந்து நிற்கும் கம்பெனி லோகோவுக்கு அந்த நாடாவில் ஒரு சாண் இடம் போதும். கேசட்டிலேயே அதிகம் அடிபடுவதும் அந்த ஒரு சாண்தான். முழுவதும் ரீவைண்ட் செய்த கேசட்டை டெக்கில் (கேசட் ஓட்டும் விசிஆரில்) போடும்போதெல்லாம் அந்தப் பகுதிதான் வெளியே இழுக்கப்பட்டு, உள்ளே சுழலும் டிரம் என்ற உருளையைச் சுற்றுகிறது. டெக் நாடாவைக் கடித்தால் முதலில் கசங்குவது அதுதான். அறுந்த நாடாவை ஒட்டித் தருபவர் கத்தரித்து எறிவதும் பெரும்பாலும் அந்தத் துண்டைத்தான். படம் முழுக்கத் தெளிவாக ஓடும் கேசட்டிலும் லோகோ மட்டும் கோடு கோடாகக் கிழிந்து தெரிவது இதனால்தான்.

படத்தை இன்னொரு வழியில் தேடிப் பிடித்துவிடலாம். லோகோ அப்படியல்ல. குறுந்தகடு வந்தபோதும், இணையத்துக்குப் படம் ஏறியபோதும், அதை யாரும் எடுத்துப்போகவில்லை. டெக் தயாரிப்பும் நின்றுவிட்டது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. இருக்கிற டெக்குகள் ஓடும்வரைதான் நமக்கு அவகாசம். திருநெல்வேலிச் சீமையில் இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் எங்கே போக வேண்டும், எதைத் தொடக் கூடாது, எப்படிக் கணினிக்குள் கொண்டுவர வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

எதைத் தேடுகிறோம்

திரையில் முதலில் வருவதெல்லாம் கேசட் லோகோ என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். தமிழ்ப் படக் கேசட்டில் வரும் தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் படச்சுருளிலேயே இருப்பது. தியேட்டரிலும் அதைப் பார்த்தார்கள். வீடியோ உரிமை வாங்கிக் கேசட் போட்ட கம்பெனியின் லோகோ வேறு. இரண்டையும் பிரிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு: தணிக்கைச் சான்றிதழ். நம் படங்களில் சான்றிதழ் படச்சுருளின் தொடக்கத்தில் நிற்கும். எனவே சான்றிதழுக்கு முன்னால் ஓடுவது பெரும்பாலும் கேசட் கம்பெனி சேர்த்தது. லோகோவோடு வரும் திருட்டுப் பிரதி எச்சரிக்கை, அடுத்த வெளியீட்டுக்கான விளம்பரம், கேசட் முடிவில் வரும் சின்னம் ஆகியவற்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் மூன்று வகைக் கேசட்டுகள் கையில் படும். முதலாவது, வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் வந்தவர்கள் பெட்டியில் கொண்டுவந்த ஆங்கிலப் படங்கள். வார்னர் ஹோம் வீடியோ, சிபிஎஸ் ஃபாக்ஸ் ஆகியவற்றின் லோகோக்கள் இவற்றில் கிடைக்கும். பாரமவுண்ட், யுனிவர்சல் இரண்டின் படங்களையும் அமெரிக்காவுக்கு வெளியே கேசட்டாக விற்ற சிஐசி வீடியோவும் இந்த வகைதான். 1986இல் வந்த, மந்திரவாதித் தொப்பி போட்ட மிக்கியோடு கூடிய டிஸ்னி லோகோ பலருக்கும் நினைவிருக்கும். இரண்டாவது, தமிழ்ப் படங்கள். லண்டனிலிருந்து இயங்கிய ஐங்கரன் போன்றவை வெளிநாட்டுத் தமிழர்களுக்காகப் போட்ட கேசட்டுகள் ஊருக்கு வருவோர் வழியாக இங்கேயும் வந்தன. மூன்றாவது, கல்யாண கேசட்டுகள்.

நேரமும் பணமும் குறைவாக இருந்தால் மூன்றாவதில் தொடங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. டிஸ்னியின் லோகோ பல நாடுகளில் எண்ணற்ற பிரதிகளில் இருக்கிறது; ஆர்வலர்கள் அதை நன்றாகவே பாதுகாத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு ஸ்டுடியோக்காரர் தன் பெயரைச் சுழலவிட்டுச் செய்த லோகோ, அவர் எடுத்த கல்யாணங்களின் கேசட்டுகளில் மட்டும்தான் இருக்கிறது. பிள்ளையார் படம், எரியும் குத்துவிளக்கு, பின்னால் கொட்டும் குற்றாலத்து அருவி, கிறிஸ்தவக் கல்யாணமானால் ஊசிக்கோபுரம், அதன் மேல் ஒவ்வோர் எழுத்தாகப் பறந்து வந்து சேரும் ஸ்டுடியோ பெயர், கூடவே நாதஸ்வரம். இந்த வட்டாரத்துக்காரர்கள் தம் கையால் உருவாக்கிய அசைவோவியம் இது. இதற்கு வேறு ஆவணம் கிடையாது.

எங்கே கிடைக்கும்

வாடகைக்கு டெக்கும் கேசட்டும் கொடுத்த வீடியோ கடைகள் பிறகு செல்போன் கடைகளாகவும் ஜெராக்ஸ் கடைகளாகவும் மாறிவிட்டன. ஆனாலும் பழைய சரக்கு பரணில் கிடக்க வாய்ப்பு உண்டு. ஜங்ஷன், டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், கடையநல்லூர், வள்ளியூர், திசையன்விளை என்று கடைவீதி உள்ள ஊர்களில், வயதான கடைக்காரர்களிடம் விசாரியுங்கள். "அண்ணாச்சி, பழைய கேசட் இருந்தால் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். என்ன செய்யப் போகிறீர்கள், திருப்பித் தருவீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பழைய இரும்புக் கடைகளையும் விட்டுவிட வேண்டாம்; நாடாவை எறிந்துவிட்டு பிளாஸ்டிக்கை மட்டும் எடைக்குப் போடுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

வீடுகளில் கேட்பது இன்னும் நுட்பமான காரியம். கல்யாண கேசட் குடும்பச் சொத்து. அதில் இறந்துபோனவர்கள் நடமாடிக்கொண்டிருப்பார்கள். "ஆச்சி, கேசட்டை வெளியே கொண்டுபோக மாட்டேன். இங்கேயே வைத்துப் பதிவு செய்துகொண்டு, உங்களுக்கும் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன்" என்று சொன்னால் பீரோ திறக்கும். டெக்கையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு போவது சிரமம்தான். ஆனாலும் அந்தச் சிரமம்தான் நம்பிக்கையைத் தருகிறது.

டெக்கில் போடும் முன்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால், இந்தப் பகுதியை வையுங்கள். கிடைத்த கேசட்டை ஆசையில் உடனே டெக்கில் தள்ளுவதுதான் பெரும்பாலான லோகோக்களின் கடைசி நிமிடம்.

கேசட்டைத் திருப்பி, கண்ணாடி வழியே நாடாச் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் விளிம்பு கறுப்பாக, வழவழப்பாக, ஒரே மட்டமாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ தூள் போல, நூல் போல ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. தென்காசி, செங்கோட்டை, பாபநாசம் பக்கம் சாரல் ஈரத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த கேசட்டுகளில் இதை எதிர்பார்த்தே போகலாம். பூஞ்சை பிடித்த கேசட்டை எந்தக் காரணத்துக்காகவும் ஓட்டாதீர்கள். அந்த நாடா கிழியும், டிரம்மில் உள்ள, நாடாவைப் படிக்கும் ஹெட் அடைபடும், அடுத்து அதே டெக்கில் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். அதைத் தனியாக ஒரு பையில் போட்டு, மற்ற கேசட்டுகளிலிருந்து விலக்கி வைத்து, நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். திறந்து பார்ப்பதானால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துப் பாருங்கள்.

கிழக்கே ராதாபுரம், திசையன்விளை, உவரி பக்கம் போனால் தொல்லை வேறு மாதிரி: தேரிக்காட்டுச் செம்மண் தூசியும் கடற்காற்றும். கேசட்டை மெதுவாகத் தட்டும்போது மணல் உதிர்ந்தால், அடியில் உள்ள ஐந்து திருகுகளைக் கழற்றி, சுருள்களை வேறு ஒரு சுத்தமான கேசட் ஓட்டுக்கு மாற்றுவது நல்லது. மணல் துகள் ஒன்று டிரம்முக்கும் நாடாவுக்கும் நடுவே சிக்கினால் நீளவாட்டில் கீறிக்கொண்டே போகும்.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் புகுந்த வீடுகளில் நனைந்த கேசட்டுகள் ஒரு தனி வகை. வெளியே காய்ந்து பார்வைக்கு நன்றாகவே இருக்கும்; உள்ளே சுற்றுகளுக்கு நடுவே வண்டல் படிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். வெயிலில் வைப்பதும் ஹேர் டிரையரால் ஊதுவதும் கூடவே கூடாது. தயவுசெய்து இவற்றைப் பழகும் கையோடு தொடாதீர்கள்.

சுருள் சுத்தமாக இருந்தால், ஓரத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி முன்மூடியைத் தூக்குங்கள். கேசட் முழுவதும் ரீவைண்ட் ஆகியிருந்தால் அங்கே ஒளிபுகும் வெறும் நாடா தெரியும். கேசட் நடுவில் நிற்கும் சிறு விளக்கின் ஒளி இதை ஊடுருவிப் போய் சென்சாரில் படும்போதுதான் டெக் ரீவைண்டை நிறுத்துகிறது. இந்த வெறும் நாடாவும் கறுப்பு நாடாவும் சேரும் ஒட்டுதான் நம் கவலை. ஒட்டு விட்டிருந்தால் அரை அங்குல நாடாவுக்கென்றே உள்ள ஒட்டுப்பட்டையால், டிரம்மைத் தொடாத பக்கத்தில் ஒட்ட வேண்டும். ஸ்டேஷனரிக் கடை செல்லோ டேப் வேண்டாம். சூட்டில் அதன் பசை கசிந்து அடுத்த சுற்றிலும் ஹெட்டிலும் பிடித்துக்கொள்ளும். ஒட்டும்போது பூக்காரர் முழத்தில் கைவிரலைச் சுருக்குவதுபோல ஒரு அங்குலத்தைக்கூட அலட்சியமாக வெட்டிவிடாதீர்கள். ஒரு அங்குலம் போனால் ஒரு நொடிக்கு மேல் போய்விடும்.

கடைசியாக, கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழை உடைத்துவிடுங்கள், அல்லது உடைந்த இடத்தை யாராவது ஒட்டி மூடியிருந்தால் அதை உரித்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்ட் பொத்தானில் கை பட்டாலும் பிறகு அழியாது.

டெக்கைத் தயார் செய்தல்

பழைய டெக் வாங்கும்போது படம் தெரிகிறதா என்பதோடு நின்றுவிடாதீர்கள். ரீவைண்ட், ஃபார்வர்டு, நிறுத்துதல், கேசட்டை வெளியே தள்ளுதல் எல்லாவற்றையும், போனாலும் பரவாயில்லை என்கிற கேசட்டை வைத்துப் பல முறை செய்து பாருங்கள். பெல்ட்டும் ரப்பர் உருளையும் கெட்டிப்பட்டிருந்தால் மாற்ற வேண்டும். ஹெட் சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும், பஞ்சு உதிராத மென்தோல் குச்சியும் தேவை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நனைத்த குச்சியை டிரம்மின் பக்கவாட்டில் லேசாக அசையாமல் பிடித்து, மறு கையால் டிரம்மை மேல்விளிம்பில் பற்றிச் சுழற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். காதுக் குடைப்பஞ்சு வேண்டாம். கை நடுங்குபவர்கள் டிவி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

டெக் எந்தெந்த முறைகளைப் படிக்கும் என்பதையும் பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கேசட் என்டிஎஸ்சி முறையில் இருக்கும். பிஏஎல் மட்டும் படிக்கும் டெக்கில் அது சரியாக ஓடாது. சவூதியிலிருந்து வந்த கேசட் படம் நன்றாக ஓடியும் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால், நிறம் அழிந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மத்திய கிழக்கில் வழங்கிய மெசெகாம் முறையில் பதிவானதாக இருக்கலாம். பல முறைகளைப் படிக்கும் டெக்கில் அந்தப் பொத்தானை மாற்றிப் போட்டதும் நிறம் வந்துவிடும். வளைகுடாவோடு இவ்வளவு போக்குவரத்து உள்ள நம் மாவட்டத்தில் பல முறை டெக் வாங்குவதே புத்திசாலித்தனம்.

கணினிக்குள் கொண்டுவருதல்

டெக்கின் மஞ்சள் இணைப்பிலிருந்து படமும், சிவப்பு, வெள்ளை இணைப்புகளிலிருந்து ஒலியும், யுஎஸ்பி கேப்சர் கருவி வழியாகக் கணினிக்குப் போகின்றன. எஸ்-விஎச்எஸ் என்ற மேம்பட்ட வகை டெக் கிடைத்தால் எஸ்-வீடியோ இணைப்பைப் பயன்படுத்துங்கள்; நிறம் கலங்காமல் வரும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் எச்டிஎம்ஐ மாற்றிப் பெட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை படத்தை நம் அனுமதி இல்லாமல் பெரிதாக்கி, இடைக்கோடுகளை (ஒவ்வொரு சட்டகமும் ஒன்றுவிட்டு ஒரு கோடாக இரண்டு அரைப்படங்களாகப் பதிவாகும் முறை) கலந்து, மீட்க முடியாதபடி செய்துவிடும். டிவியை செல்போனில் படம் பிடிப்பது கடைசி வழி. நாடா கண்முன்னே உதிரும்போது அதுவும் செய்ய வேண்டியதுதான்.

விர்ச்சுவல்டப் போன்ற இலவச மென்பொருள் போதும். பிஏஎல் முறை, 720 × 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகம், இடைக்கோட்டுப் பதிவு அப்படியே, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், சுருக்கத்துக்கு இழப்பில்லாத ஹஃப்ஒய்யுவி. ஒரு மணி நேரத்துக்கு 30 ஜிபி அளவுக்கு இடம் பிடிக்கும். நமக்குத் தேவைப்படுவது சில நிமிடங்களே என்பதால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இனி ஓட்டும் முறை. முதலில் கேசட்டைப் போட்டு, லோகோவைத் தாண்டிப் படத்துக்குள் சிறிது தூரம் ஓடவிடுங்கள். டெக் தன் டிராக்கிங்கை, அதாவது நாடாவின் பதிவுத் தடத்தோடு ஹெட் பொருந்துவதை, சரி செய்துகொள்ள சில நொடிகள் எடுக்கும். முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்தால் அந்தச் சில நொடிகளில் லோகோ நடுங்கியே வரும். பழைய டெக்காக இருந்தால் டிராக்கிங் குமிழை நீங்களே திருப்பி, கீழே ஓடும் கோடுகள் மறையும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு கேசட்டை வெளியே எடுக்காமல் ரீவைண்ட் செய்து, கணினியில் பதிவைத் தொடங்கிய பின்னரே டெக்கில் பிளே அழுத்துங்கள். லோகோவுக்கு முந்தைய கறுப்பும் இரைச்சலும் பதிவில் இருக்கட்டும். எங்கே தொடங்குகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. இப்படி மூன்று முறை எடுத்துவைத்தால், ஒன்றில் விழுந்த வெள்ளைப் புள்ளி இன்னொன்றில் இருக்காது. பின்னாளில் மூன்றையும் ஒப்பிட்டுச் சேர்க்க முடியும்.

லோகோவை ரசிக்க டெக்கில் பாஸ் போட்டு நிறுத்திவிடாதீர்கள். நாடா நின்றாலும் டிரம் நிற்பதில்லை. நிமிடத்துக்கு 1,500 சுற்று வேகத்தில் ஒரே இடத்தை உரசிக்கொண்டிருக்கும். நிறுத்திப் பார்ப்பதெல்லாம் கணினியில்.

படம் தானாக வெளிச்சமாவதும் இருளுவதுமாக மாறி மாறி வந்தால் கேசட் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். 1980களின் நடுவிலிருந்து கம்பெனிக் கேசட்டுகளில் சேர்க்கப்பட்ட மேக்ரோவிஷன் என்ற பிரதித் தடுப்புச் சமிக்ஞை கேப்சர் கருவியைக் குழப்புகிறது. கல்யாண கேசட்டில் இந்தத் தொல்லை வராது.

லோகோவைப் படித்தல்

பதிவான கோப்பை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பாருங்கள். அசையும் எழுத்தின் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால், அந்த லோகோ பெரும்பாலும் வீடியோக் கருவியிலேயே பிறந்தது. நொடிக்கு 50 அரைப்படங்களில் ஒவ்வொன்றிலும் எழுத்து சிறிது நகர்ந்திருக்கிறது. பல் தெரியாமல் சட்டகம் முழுதாக இருந்தால் படச்சுருளில் எடுத்து வீடியோவுக்கு மாற்றியது. இந்த ஒரு சோதனையிலிருந்தே மற்றவற்றை ஊகிக்கத் தொடங்கலாம்.

எழுத்தைச் சுற்றி ஒளி கசிந்து, முனையில் நட்சத்திரம் மின்னினால், கறுப்பு ஃபிலிமில் வெட்டிய எழுத்துக்குப் பின்னால் விளக்கு வைத்து, பல முறை ஒளியேற்றிப் படம் பிடித்ததாக இருக்கலாம். எழுத்து ரப்பராக நீண்டு வளைந்து, நிறக் கோடுகளை இழுத்துக்கொண்டு வந்தால், 1970களில் அமெரிக்காவில் புழங்கிய ஸ்கானிமேட் என்ற அனலாக் இயந்திரத்தின் கைவண்ணமாக இருக்கலாம். பளபளக்கும் குரோம் எழுத்தும் கட்டம் போட்ட தரையும் தொடக்க காலக் கணினி வரைகலையின் அடையாளம். கல்யாண கேசட்டில் படிக்கட்டு போன்ற விளிம்புள்ள எழுத்து படத்தின் மேல் உட்கார்ந்திருந்தால், 1985இல் வந்த கமடோர் அமிகா போன்ற கணினியை, ஜென்லாக் என்ற இணைப்புக் கருவியோடு, ஸ்டுடியோ வாங்கியிருந்ததா என்று விசாரியுங்கள். இதய வடிவில் திறந்து மூடும் காட்சி மாற்றங்கள் மிக்சரின் வேலை. ஸ்டுடியோ உரிமையாளர் இன்னும் ஊரில் இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள். எந்தக் கருவி, எழுத்தை யார் வரைந்தது, இசை எங்கிருந்து எடுத்தது என்பதை அவர் ஒருவரால்தான் சொல்ல முடியும்.

இணையத்தில் பகிரும் பிரதிக்கு இடைக்கோட்டைப் பிரித்து நொடிக்கு 50 சட்டகமாக ஆக்குங்கள். 25 ஆக்கினால் அசைவில் பாதி போய்விடும். நான்குக்கு மூன்று என்ற படவிகிதத்தை மாற்றாதீர்கள். செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கும் மென்பொருள்கள் தேய்ந்த தமிழ் எழுத்தின் சுழியைத் தம் இஷ்டத்துக்கு வரைந்துவிடுகின்றன. அது மீட்பு இல்லை, புதிதாக வரைவது. மூலக் கோப்பைத் தொடாமல், வெவ்வேறு இடங்களில் வைத்த இரண்டு வன்தட்டுகளில் சேமியுங்கள்.

குறிப்பும் அனுமதியும்

கோப்பின் பெயரிலேயே கம்பெனி அல்லது ஸ்டுடியோ, ஊர், ஆண்டு, பதிவு முறை வந்துவிட வேண்டும். ஆண்டு உறுதியில்லாவிட்டால் ஊகம் என்று எழுதுங்கள். கல்யாண கேசட்டில் பத்திரிகையைப் படம் பிடித்திருப்பார்கள். தேதி அங்கேயே கிடைத்துவிடும். அட்டை, லேபிள், கேசட் ஓட்டின் இரு பக்கம், வாடகைக் கடை ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் அது எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்து அதே கோப்புறையில் வையுங்கள்.

கம்பெனி லோகோவின் உரிமை கம்பெனிக்கே. ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் சிறு பகுதியைப் பயன்படுத்த நம் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. முழுப் படத்தையும் ஏற்ற அது அனுமதி ஆகாது. கல்யாண கேசட்டில் லோகோவும் தலைப்பும் முடியும் இடத்தில் வெட்டிவிடுங்கள். மணமக்கள் பெயரும் முகமும் வரும் பகுதியை, வீட்டார் மனமுவந்து சொன்னாலொழிய, வெளியே விடக் கூடாது. ஸ்டுடியோக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, இன்னொரு பிரதி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கல்யாண கேசட் பொதுவாகப் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று போனது. இந்த வீட்டுக் கேசட்டில் லோகோ கிழிந்திருந்தால் சம்பந்தி வீட்டுக் கேசட்டில் முழுதாக இருக்கக்கூடும். இரண்டில் ஒன்று எடிட்டிங்கில் உருவான முதல் பிரதியாகவும் மற்றது அதிலிருந்து நகலெடுத்ததாகவும் இருக்கலாம் என்பதால், கிடைத்தால் இரண்டையும் பதிவு செய்து தெளிவு அதிகம் உள்ளதை மூலமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.